படைவீரரின் வீட்டுக்கு யார் போவது?

அன்புள்ள ஐயா,

எங்கள் சபைப் பாடகர் குழுவில் உள்ள ஒரு தங்கச்சியின் கணவர் சிங்களவர், இராணுவத்தில் இருக்கிறார். ஐ.நா. அமைதிகாக்கும் படையில் தென் சூடானுக்குப் போயிருக்கிறார். சின்னப் பிள்ளைகள் இரண்டு. அவள் கேட்டபடி ஞாயிறு ஆராதனையில் போதகர் அவருக்காக ஜெபித்தார். முடிந்ததும் மூத்தவர் ஒருவர், “ஆமிக்காரனுக்கு இங்கே ஜெபமா?” என்று சத்தம் போட்டுவிட்டார். அதற்கப்புறம் அவள் கோயிலுக்கு வரவில்லை. யார் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை.

ஒரு வாசகி, அப்புத்தளை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவள் வீட்டுக்குப் போங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த மூத்தவரை யாரும் அவசரப்பட்டுக் கடிந்துகொள்ள வேண்டாம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் பிந்துனுவெவ. 2000 ஒக்டோபரில் அங்கே புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கும்பல் புகுந்து 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. காவலுக்கு நின்ற பொலிஸார் தடுக்கவில்லை. 1983 கலவரத்தில் அடிபட்டு ஓடியவர்களும், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுச் சிறை வாசலில் நின்ற தாய்மாரும் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். சீருடை என்றதும் அவருக்கு எது நினைவுக்கு வருகிறதோ! அந்தத் துயரத்தை உங்கள் சபை எப்போதாவது வாய்விட்டு ஜெபித்திருக்கிறதா என்று போதகரிடம் கேளுங்கள். இல்லையென்றால் அந்த மூத்தவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் அந்த ஜெபம் சரியானதுதான். கப்பர்நகூமில் இயேசுவிடம் வந்த நூற்றுக்கு அதிபதி, யூதர்களை அடக்கி ஆண்ட ரோமப் படையின் ஆள். அவனுடைய வேலைக்காரனை அவர் சுகமாக்கினார். யோவான் ஸ்நானகனிடம் போர்ச்சேவகர்கள் வந்து நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது, ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதிருங்கள் என்றான். இதையும் சேர்த்தே ஜெபியுங்கள். ஹெயிட்டியில் அமைதிகாக்கப் போன இலங்கைப் படையினரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பாலியல் துஷ்பிரயோகக் குற்றச்சாட்டில் 2007இல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2019 ஜனவரியில் மாலியில் குண்டு வெடித்து இரண்டு இலங்கைப் படையினர் இறந்தார்கள். அவள் கணவர் உயிரோடு திரும்ப வேண்டும், அங்கே அவரால் யாருக்கும் தீங்கு வரவும் கூடாது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் அந்த மூத்தவராலும் ஆமென் சொல்ல முடியும் என்று நம்புகிறேன்.

இதைவிட எனக்குக் கவலை அவள் வீடுதான். வேதத்தில், கணவன் போர்முனையில் இருக்கத் தனியே இருந்த ஒரு பெண்ணின் கதை இருக்கிறது: பத்சேபாள். அவள் புருஷன் உரியா ஏத்தியன், வேற்று இனத்தான், தாவீது ராஜாவின் படையில் உண்மையாக நின்றவன். அவன் வீட்டைக் காக்கவேண்டிய ராஜாவே அதைக் கெடுத்தான். தீர்க்கதரிசி நாத்தான் வந்து கண்டித்தது அந்த ராஜாவை. நம் பிரசங்கங்களில் பழி பெரும்பாலும் பெண் மேல் போய் விழுகிறது, அது எனக்கு ஆறவே இல்லை.

சுவரோடு சுவர் ஒட்டிய தோட்ட லயத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தென் சூடானில் இரவு 8 மணி என்றால் இங்கே 11.30. அவர் வேலை முடிந்து அழைப்பது அந்த நேரத்தில்தான் இருக்கும். நடுராத்திரியில் யாரோடு பேசுகிறாள் என்று சுவருக்கு அந்தப் பக்கம் கதை கட்டுவார்கள். ஐ.நா. காசு வருதுதானே என்று கடன் கேட்டும் வருவார்கள். அதனால் பெண்கள் ஐக்கியத்தில் இரண்டு பேர் சேர்ந்தே போங்கள், தொடர்ந்து போங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஒருவர் கூடப் போகட்டும், மற்றப் பிள்ளையை இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும். கதை கட்டுபவர் சபையில் இருந்தால் முகத்துக்கு நேரே நிறுத்தச் சொல்லுங்கள். மாமியார் வீட்டாரோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்றும் மெதுவாக விசாரியுங்கள். கலப்புக் கல்யாணத்தில் இரண்டு பக்கமும் கைவிட்டிருந்தால் அவளுக்கு உங்களைவிட்டால் ஆள் இல்லை.

அவர் லீவில் வரும்போது அவரையும் போய்ப் பாருங்கள். பார்த்ததைப் பற்றி அவராகப் பேசினால் கேளுங்கள், துருவ வேண்டாம். தூக்கமில்லை, எரிந்து விழுகிறார் என்று அவள் சொன்னால், ஜெபத்தோடு வைத்தியரிடமும் அனுப்புங்கள்.

மூத்தவரிடம் பேச நான் வரவேண்டுமென்றால் எழுதுங்கள், வருகிறேன்.