காணிக்கைக்கு முன்னால் கூலி

காரைக்குடி வாசகி: ஐயா, கிறிஸ்மஸுக்கு எங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குழுவில்) ஏழைகளுக்குச் சேலையும் அரிசியும் கொடுக்கிறோம். வேறு என்ன செய்யலாம்?

கொடுங்கள் அம்மா, நல்ல காரியம். அதற்கு முன், உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவருக்கு எந்தத் தேதியில் சம்பளம் போகிறது என்று பாருங்கள். கூலிக்காரரின் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்கிறது விவிலியம் (லேவியர் 19:13). எங்கள் தெருவில் ஒரு அம்மா, மாதம் பிறந்து எட்டு நாள் ஆன பிறகு, வாசற்படியில் நின்று முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே, "ஒரு ஐந்நூறு கிடைக்குமா?" என்று கேட்டார். அது அவர் சம்பாதித்த பணம். கடன் கேட்கிற குரலில் கேட்டார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதே விவிலியத்தில் மீக்கா 6:8-இல் நீதி முதலில் வருகிறது, இரக்கம் அப்புறம்தான்.

கானாடுகாத்தான் வாசகர்: பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் கொத்தனார்களும் சித்தாள்களும் எங்கள் பங்கில் (எங்கள் கோயிலைச் சேர்ந்த மக்களில்) நிறைய. அவர்களுக்கு என்ன செய்வது?

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிய வையுங்கள். வயது 18 முதல் 60 வரை. விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்பு, 60-க்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. சாரத்திலிருந்து விழுந்த ஒரு சித்தாளுக்காக நாங்கள் வீடு வீடாக வசூல் செய்தோம். அவர் பதிந்திருக்கவே இல்லை. முன்பே ஒருநாள் அவரோடு உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுக்காதது எங்கள் தவறு.

தேவகோட்டை வாசகர்: முதலாளி கூலி பாக்கியை ஏமாற்றினால்?

15100-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். தனியாக அனுப்பாதீர்கள், கூடவே போங்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: எங்கள் ஊர்க் கல்லறையில் சாதிக்கு ஒரு பக்கம். பேசினால் சண்டை வருமே?

வரட்டும் தம்பி. இது அநீதி, அன்னதானம் போட்டு இதை ஈடுகட்ட முடியாது. பங்குப் பேரவையில் கேட்டு, கேட்டதைக் குறிப்பேட்டில் எழுத வையுங்கள். இறந்தோரை நினைக்கும் நவம்பர் 2 அன்று மற்றச் சாதியாரின் பக்கத்துக் கல்லறைகளிலும் மெழுகுவர்த்தி ஏற்றுங்கள்.

பள்ளத்தூர் வாசகி: பூட்டிய பெரிய வீட்டுக்குக் காவலாக ஒரு தாத்தா தனியாக இருக்கிறார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சாப்பாட்டோடு போய், கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள். அப்புறம் முதியோர் ஓய்வூதியம் வருகிறதா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போங்கள். ஆதாரில் பிறந்த வருடம் தப்பாக இருந்தால், முதலில் அதைத் திருத்த வேண்டும்.