விஷமே இல்லாத வண்ணத்துப்பூச்சிக்கு விஷப்பூச்சியின் சிறகு எப்படி வந்தது?

விஷமில்லாத பூச்சி விஷமுள்ளதன் தோற்றத்தால் தப்பிப்பதுதான் மிமிக்ரி. அருமையான உதாரணம் வீட்டுக் கறிவேப்பிலையிலேயே இருக்கிறது. ரோஜா அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு ஆடுதீண்டாப்பாளை என்ற விஷச்செடியின் இலையைத் தின்று வளரும். அந்த விஷம் சிறகு முளைத்த பிறகும் உடம்பிலேயே தங்கிவிடுவதால், ஒருமுறை கொத்திப்பார்த்த பறவை அடுத்த முறை அந்தச் சிவப்புப் புள்ளிகளைக் கண்டாலே விலகிவிடும். கறிவேப்பிலைச் செடியில் வளரும் கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிக்கு அந்த விஷம் கிடையாது. ஆனால் அதன் பெண்களில் ஒரு வகை அதே கறுப்புச் சிறகு, வெள்ளைத் திட்டு, சிவப்புப் புள்ளியோடு பறக்கும், நாய் வளர்க்காத வீட்டில் 'நாய் ஜாக்கிரதை' பலகை மாட்டுவது போல. உடம்பைப் பாருங்கள்: ரோஜா அழகிக்குச் சிவப்பு, இதற்குக் கறுப்பு.

பூச்சி யோசித்து வேஷம் போடுவதாகப் பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. கொஞ்சம் ஒத்திருந்தவை தப்பிப் பிழைத்து முட்டையிட்டன, தலைமுறை தலைமுறையாக அந்தச் சாயல் கூடிக்கொண்டே வந்தது.