ரோட்டில் கடைசி, கடலில் கரை

அன்புள்ள சார்,

கோவையிலிருந்து எழுதுகிறேன். வயது 41. கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஐந்து பேர் ரேஸ்கோர்ஸில் காலை நடைக்குப் போக ஆரம்பித்து, நடை ஓட்டமாகி, போன வருடம் கோவை மராத்தானில் 10 கிலோமீட்டர் ஓடினோம். ஐவரில் நான்தான் கடைசி, மொத்தக் கூட்டத்திலும் கிட்டத்தட்ட கடைசி. "காசு குடுத்து வேர்க்க வைக்கறாங்களா" என்று வீட்டில் ஒரே சிரிப்பு. இப்போது நண்பர்கள் ஈசிஆர் பக்கம் நடக்கப்போகும் ஒரு அக்வத்லானுக்கு எல்லோர் பெயரையும் கொடுத்துவிட்டார்கள். கடலில் ஒரு கிலோமீட்டர் நீச்சல், அப்புறம் 5 கிலோமீட்டர் ஓட்டம். எனக்குக் கிணற்று நீச்சல் தெரியும். ஒரு மாதமாக நீச்சல் குளத்துக்குப் போகிறேன். 25 மீட்டர் போய்ச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் அடுத்த 25. கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. வரவில்லை என்றால் "டீமை உடைக்காதடா" என்கிறார்கள். குற்றாலீஸ்வரன் 12 வயதில் பாக் நீரிணையையே நீந்தினார், நம்மால் ஒரு கிலோமீட்டர் முடியாதா என்கிறான் ஒருவன். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நீங்களும் ஓடுகிறவர் என்று எழுதியிருந்ததால் கேட்கிறேன். போகலாமா? இந்த வயதில் இதெல்லாம் தேவையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தேவைதான், ஓடுங்கள், கடைசியாகவே ஓடுங்கள். ஆனால் இந்தப் போட்டியில் கடலில் இறங்காதீர்கள்.

ரோட்டில் கடைசியாக வருவதால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. மூச்சு வாங்கினால் நடக்கலாம், நடக்க முடியாவிட்டால் பிளாட்பாரத்தில் உட்காரலாம், அதுவும் ஆகாது என்றால் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். நெஞ்சில் பிப் என்கிற எண் அட்டையைக் குத்திய ஆளை ஆட்டோக்காரர் கண்ணாடியில் இரண்டு தடவை பார்ப்பார், அவ்வளவுதான் நஷ்டம். லண்டன் புஷி பார்க்கில் 2004 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை 13 பேர் ஓடியது பிற்பாடு பார்க்ரன் என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது, சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் வரைக்கும். 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. அங்கே ஒரு தன்னார்வலரின் வேலையே எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவதுதான். அதனால் ஓட வந்தவர்களில் யாருமே கடைசி ஆவதில்லை. நம் ஊரில் பல ஓட்டங்களில் அந்த இடத்தில் ஆம்புலன்ஸ் வரும். முதுகுக்குப் பின்னால் உருண்டு வரும் அந்த வண்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடுவதில் ஒரு வேகம் கிடைக்கத்தான் செய்கிறது, ஆனால் மனதுக்கு அவ்வளவு நல்லதில்லை.

வீட்டில் சிரிப்பதற்கும் ஒரு வரி. நீங்கள் கட்டும் பணம் வண்டி வராத ரோட்டுக்கும், வழியில் தண்ணீர் நீட்டுகிற கைக்கும், அந்த ஆம்புலன்சுக்கும் போகிறது. பனியனும் பதக்கமும் கொசுறு. வேர்வை என்னவோ உங்களுடையதுதான்.

நண்பர்கள் விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் சிக்கல் இருப்பது அங்கேதான். நாற்பது வயதில் யாரும் ஆரோக்கியத்துக்காக விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பதில்லை, ஒருத்தன் வாசலில் வந்து ஹாரன் அடிப்பான், எழுந்திருக்காவிட்டால் வாட்ஸப் குரூப்பில் மானம் போகும் என்பதற்காகத்தான் எழுந்திருக்கிறோம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தனியாக ஓட ஆரம்பித்தவர்களில் பலர் மூன்றாவது வாரத்தில் ஷூவை பரணில் ஏற்றிவிடுவதைப் பார்த்திருக்கிறேன், கூட்டாக ஆரம்பித்தவர்கள் திட்டிக்கொண்டாவது தொடர்கிறார்கள். அந்த வெட்கம் ரோட்டில் உங்களை இன்னொரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போகும். தண்ணீரில் அதே வெட்கம், முடியவில்லை என்று கையைத் தூக்க வேண்டிய நேரத்தில் தூக்க விடாது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, கணக்கு இருக்கிறது. அமெரிக்க டிரையத்லான் போட்டிகளில் 1985 முதல் 2016 வரை நேர்ந்த மரணங்களையும், இதயம் நின்றுபோன சம்பவங்களையும் சேர்த்து ஓர் ஆய்வு 2017இல் வந்தது. மொத்தம் 135. அதில் 90 நீச்சலில் நடந்தவை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றில் மிகக் குறைந்த நேரம் பிடிப்பது நீச்சல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், சராசரி வயது நாற்பதுகளின் பின்பாதி. ஏறக்குறைய உங்கள் குரூப் போட்டோ. பிரேதப் பரிசோதனை செய்யப்பட்டவர்களில் கணிசமானவர்களுக்கு இதயத்தில் முன்பே கோளாறு இருந்திருக்கிறது. ஆகவே ஐந்து பேரும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு டாக்டரைப் பார்த்து ஈசிஜி எடுத்துக்கொள்ளுங்கள், அவர் சொன்னால் டிரெட்மில் டெஸ்டும். புது ஷூவை விட அது முக்கியம்.

நீச்சலில் அப்படி என்ன நடக்கிறது? விசில் அடித்ததும் நூறு பேர் ஒரே நேரத்தில் பாய்கிறார்கள். ஒருவர் கால் உங்கள் முகத்தில் படும், கண்ணாடி நகரும், உப்புத் தண்ணீர் ஒரு வாய் உள்ளே போகும். முதல் இருநூறு மீட்டருக்குள் மூச்சு அடைக்கிற மாதிரி வரும், பழகியவர்களுக்கே வரும். குளத்தில் அந்த நேரத்தில் கை தானாகச் சுவரைத் தேடும், சுவர் அங்கே இருக்கும். கடலில் அடுத்த சுவர் அந்தமான். அப்புறம் ஒன்று, மூழ்குகிறவர் சினிமாவில் காட்டுவது போலக் கத்த மாட்டார். மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? கை தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும், வாய் மேலே வந்து வந்து போகும், பத்தடி தள்ளி நீந்துகிற நண்பனுக்கு ஒன்றும் தெரியாது.

உங்கள் கிணற்று நீச்சலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கொங்குப் பக்கத்துக் கிணறுகளில் சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கியவர்களுக்குத் தண்ணீர் பயம் போயிருக்கும், மல்லாந்து மிதக்க வரும். அது பெரிய சொத்து. ஆனால் கிணற்றில் தலையைத் தூக்கிக்கொண்டுதான் நீந்துவோம், பத்துக் கை வீசினால் மறுபக்கப் படி வந்துவிடும். அந்த மாதிரி ஒரு கிலோமீட்டர் போனால் கழுத்தும் இடுப்பும் பாதி வழியிலேயே விட்டுவிடும். தவிர கிணறு நகராது. கடல் நகரும். நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவத்தில் கரையோர ஓட்டம் வடக்கே இழுக்கும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. மெரினா இத்தனை அகலமாக இருப்பதற்கே இந்த ஓட்டம்தான் காரணம். 19ஆம் நூற்றாண்டில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் எழுப்பியதும், வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் தெற்கில் தேங்கி மெரினா விரிந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துக்கொண்டு போனது. ஒரு ஊரின் கடற்கரையையே இடம் மாற்றுகிற தண்ணீர் உங்களையும் கொஞ்சம் மாற்றி வைக்கும். நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு, வழி காட்டப் போட்டிருக்கும் மிதவையை விட்டு எங்கேயோ போயிருப்பீர்கள். அதனால் சில கைவீச்சுக்கு ஒருமுறை தலையை லேசாகத் தூக்கி மிதவையைப் பார்க்கப் பழக வேண்டும், இதைக் குளத்தில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள், ஏனென்றால் அங்கே அடியில் கோடு போட்டிருக்கிறது.

குற்றாலீஸ்வரனைச் சாட்சிக்குக் கூப்பிட்ட நண்பருக்கு. அவர் 1994இல் நீந்தினார், சரி. பாக் நீரிணையை நீந்துகிறவர்களோடு படகு போகும், படகில் பயிற்சியாளர் இருப்பார், குடிக்க ஏதாவது நீட்டுவார், முகத்தைப் பார்த்தே எப்போது வெளியே இழுக்கலாம் என்று முடிவெடுப்பார். அதற்கு முன் அந்தப் பையன் எத்தனை காலைகளைத் தண்ணீரில் கழித்திருப்பான் என்று நண்பர் யோசித்தாரா தெரியவில்லை. சாட்சி என்றால் நானும் ஒருவரைக் கூப்பிடுகிறேன். இலங்கை வல்வெட்டித்துறையின் ஆனந்தன் 1971இல் அங்கிருந்து கோடியக்கரைக்கு நீந்தி, நிற்காமல் திரும்பவும் நீந்தியவர். அவர் 1984இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது இறந்துபோனார். அந்தக் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர், நம்மைப் போல ஞாயிற்றுக்கிழமை நீச்சல்காரர் இல்லை.

டீம் என்ற பேச்சு வந்ததால் இன்னொன்று. 2002இல் ஸ்வீடனில் ஊட்டோ என்ற தீவில் நான்கு நண்பர்கள் ராத்திரி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பந்தயம் கட்டினார்கள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, தீவுக்குத் தீவு நீந்தி, தீவுகளைக் குறுக்கே ஓடிக் கடந்து, தூரத்தில் இருக்கும் சாண்ட்ஹாம் தீவுக்குப் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கிறுக்குத்தனத்திலிருந்துதான் 2006இல் ஓட்டிலோ என்ற போட்டி பிறந்தது, மொத்தம் 75 கிலோமீட்டர் போல வரும். அதன் விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். ஜோடியாகத்தான் இறங்க வேண்டும், ஒருவரை விட்டு ஒருவர் விலகக் கூடாது. பல ஜோடிகள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நீந்துகிறார்கள். வேகமானவர் மெதுவானவரின் வேகத்துக்கு இறங்கி வந்தே ஆக வேண்டும். உங்கள் நால்வரில் உங்களுக்காக அப்படி மெதுவாக நீந்தப்போவது யார்? விசில் அடித்ததும் நான்கு பேரும் அவரவர் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போகப்போகிறார்கள், அதில் தப்பில்லை, போட்டி அப்படிப்பட்டது. ஆனால் அதை டீம் என்று சொல்லி உங்களை உள்ளே இழுக்கக் கூடாது.

சரி, என்ன செய்யலாம்? இந்த மாதிரிப் போட்டிகள் சிலவற்றில் ஒருவர் நீந்தி இன்னொருவர் ஓடுகிற ரிலே உண்டு, ஓட்டம் மட்டும் தனியாகவும் வைப்பார்கள். கேட்டுப் பாருங்கள், மாற்றித் தரலாம். தராவிட்டால் கட்டணம் போனால் போகட்டும், நீங்கள் போய்க் கரையில் நின்று துணிமணியையும் சாவிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரக் காலோடு மணலில் ஷூ மாட்டத் தடுமாறுகிற நண்பனுக்குக் கரையில் ஒரு ஆள் இருப்பது எவ்வளவு உதவி என்று அன்றைக்குத் தெரியும். நீச்சல் முடித்து எழுந்ததும் தலை சுற்றும், உடனே ஓடாதே, கொஞ்சம் நட என்று நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்த வருடத்துக்கு இப்போதே தொடங்குங்கள். குளத்தில் சுவரைப் பிடிக்காமல் ஒன்றரை கிலோமீட்டர், எவ்வளவு மெதுவாக ஆனாலும் சரி. மூச்சு முட்டினால் மல்லாந்து மிதந்து ஆசுவாசப்படுத்திக்கொண்டு மறுபடி தொடரும் பழக்கம். இது கிணற்றுக்காரர் உங்களுக்கு மற்றவர்களை விடச் சீக்கிரம் வரும். பிறகு கடல், அதுவும் கடலில் கற்றுத்தருகிற பயிற்சியாளரோடு மட்டும். இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஆரஞ்சு நிறக் காற்று மிதவை விற்கிறார்கள், பழைய சுரைக்குடுக்கைதான், பிளாஸ்டிக்கில் வந்திருக்கிறது. அது உயிர் காக்கும் சட்டை இல்லை, ஆனால் படகுக்காரர் கண்ணுக்குத் தெரிவீர்கள், களைத்தால் பிடித்துக்கொள்ளவும் ஆகும். போட்டியன்று கூட்டத்தின் பின்பக்க ஓரத்தில் நின்று, எல்லோரும் போனபிறகு இறங்குங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: களைத்தால், காவலுக்கு நிற்கும் கயாக் என்ற துடுப்புப் படகைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம், அதை வைத்து முன்னால் நகராதவரை பொதுவாகத் தகுதி இழப்பு கிடையாது. இது தெரியாமல், பிடித்தால் அவுட் என்று நினைத்துக்கொண்டு கயாக் பக்கத்திலேயே தத்தளித்த ஒரு நண்பர் எனக்கு உண்டு. நல்லவேளையாகக் கயாக்கில் இருந்த பையன் அவரைக் கேட்காமலேயே பிடித்துவிட்டான்.

கடைசியாக ஒரு சந்தேகம். உங்கள் கடிதத்தில் மற்ற நால்வரும் கடலில் நீந்திப் பழகியதாக ஒரு வரிகூட இல்லை. "டீமை உடைக்காதடா" என்கிறவர் கடைசியாகக் கடலில் எப்போது நீந்தினார் என்று கேளுங்கள். மழுப்பினால் ஐந்து பேருமே ஓட்டத்துக்கு மாறிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம், இந்தப் பதிலைக் குரூப்பில் போட்டு என்மேல் பழியைப் போட்டுவிடலாம். பெயர் மாற்றக் கடைசித் தேதி என்று ஒன்று இருக்கும், இன்றைக்கே மெயில் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.