மாடி சோலார்: 2 கிலோவாட்டா, 3 கிலோவாட்டா?

கேள்வி: மதுரை பக்கம் திருமங்கலத்தில் சொந்த வீடு. இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் வரை ஓடுகிறது. மானியம் வருகிறதே, 3 கிலோவாட்டாகப் போட்டுவிடுங்கள் என்கிறார்கள். கரன்ட் போனாலும் சோலார் ஓடும்தானே? மாடியின் தெற்கு ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அது இடைஞ்சலா?

பதில்: உங்களுக்கு 2 கிலோவாட் போதும். நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 480 யூனிட். 700-இல் அது கழிந்தால் 220 யூனிட் நிற்கும். அதிலும் முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம். ஆக, மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்தப்போவது 120 யூனிட்டைத்தான், அதுவும் விலை குறைந்த ஸ்லாபில். 500 யூனிட்டுக்கு மேல் ஏறும் அந்தப் பெரிய தொகையை முதல் இரண்டு கிலோவாட்டே அடித்துவிடும்.

மானியக் கணக்கும் அதையே சொல்கிறது. 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 மட்டும். மொத்தம் 78,000, அதற்கு மேல் எத்தனை போட்டாலும் அவ்வளவுதான். ஏ.சி.யோ மின்சார ஸ்கூட்டரோ வாங்கும் யோசனை இருந்தால் மட்டும் 3-க்குப் போங்கள்.

கரன்ட் போனால் ஓடுமா? ஓடாது. பலர் ஏமாறும் இடம் இதுதான். மின்வாரிய லைனோடு இணைந்து மட்டுமே ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் இல்லை என்று தெரிந்ததும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது. குறை என்று நினைக்காதீர்கள். மின்வெட்டிலும் ஃபேன் சுற்ற வேண்டுமானால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். அந்தச் செலவுக்கு இந்தத் திட்டத்தில் கூடுதல் மானியம் கிடையாது.

இனி தொட்டி. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். உங்கள் ஊரில் 6 அடி உயரத் தொட்டியின் நிழல் உச்சி வேளையிலேயே 4 அடி வடக்கே விழும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம். பேனல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் ஒன்றின் ஓரத்தில் நிழல் பட்டாலும் மற்றவற்றின் உற்பத்தியும் குறையலாம். நான் பார்த்த ஒரு வீட்டில் கொடியில் காயப்போட்ட போர்வையின் நிழலே தினமும் யூனிட்டைத் தின்றுகொண்டிருந்தது. அதனால் ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். காலை 9, மதியம் 12, மாலை 3 மணிக்கு நிழலின் ஓரத்தைக் கோடு போடுங்கள். டிசம்பரில் செய்தால் மிகவும் நல்லது. கோட்டுக்கு வெளியே 200 சதுர அடி கிடைத்தால் 2 கிலோவாட் தாராளமாக அமரும். கிடைக்காவிட்டால் ஸ்டாண்டை உயர்த்தலாம், இல்லையென்றால் தொட்டியை வடக்கு ஓரத்துக்கு மாற்றலாம்.

அப்புறம், பேனல்களைச் சுவரோடு ஒட்டிப் போட விடாதீர்கள். ஆள் நடந்து துடைக்க 2 அடி வழி வேண்டும். விடியற்காலையில், கண்ணாடி சூடேறும் முன் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளைப் படிவம் தங்கிவிடும். ஈரத்தை அப்படியே காயவிடாமல் துணியால் துடைத்துவிடுங்கள்.