வண்டி சூடாகிறது என்பது வழக்கு ஆகாது

கேள்வி: எனக்கு 55 வயது. இளமையில் ஆர்எக்ஸ் 100 ஓட்டியவன். குடும்பம், குழந்தைகள் என்று ஆனபிறகு 1999-ல் விற்றுவிட்டேன். 14 மாதங்களுக்கு முன்பு ஆசைப்பட்டு 2.6 லட்சத்தில் லிக்விட் கூல்டு எஞ்சின் உள்ள புது பைக் எடுத்தேன். மூன்று வருட வாரன்டி. ஞாயிறு காலையில் ஏற்காடு போய் வருவேன். இதுவரை மூன்று முறை மலைப்பாதையில் டெம்பரேச்சர் விளக்கு எரிந்துவிட்டது. எட்டு மாதத்துக்கு முன் முதல் தடவை எரிந்தபோது, ஒண்டிக்கடை பக்கத்தில் ஒரு மெக்கானிக் பார்த்து, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கிற திரவம்) குறைவாக இருக்கிறது என்று தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். ஷோரூமில் மூன்று முறை விட்டும் "நார்மல்தான் சார்" என்கிறார்கள். மேனேஜர், "இந்த வயசுல உங்களுக்கு ஸ்கூட்டர் போதுமே" என்று வேலைப் பையன்கள் முன்னால் சொன்னார். புது வண்டி அல்லது முழுப் பணம், மன உளைச்சலுக்கு 5 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா? செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் எஞ்சினைப் பிரித்துப் பார்த்து எழுதித் தருகிறேன் என்கிறார்.
பெயர் வேண்டாம், அஸ்தம்பட்டி.

பதில்: ஐயா, நீங்கள் எழுதியது நான்கு பக்கம். மேலே சுருக்கிப் போட்டிருக்கிறேன். நான்கில் இரண்டரைப் பக்கம் அந்த மேனேஜரைப் பற்றியது. அவர் பேசியது தப்புதான், ஆனால் அதற்கு நுகர்வோர் ஆணையத்தில் விலை கிடையாது. அவரை மனுவில் ஒரு வரியில்கூடக் கொண்டுவராதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, "மனுதாரருக்கு ஊழியர்மேல் கோபம், வண்டியில் குறை இல்லை" என்று முழு வழக்கையும் திருப்பிவிடுவார்.

வண்டி சூடாகிறது என்பதும் வழக்கு ஆகாது. நீங்கள் கடைசியாக ஓட்டியது ஆர்எக்ஸ் 100. காற்றில் ஆறுகிற, லேசான டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பிஎஸ் 6 என்ற புகை விதிப்படி வருகிற இன்றைய வண்டியில், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எஞ்சினை ஒட்டியே இருக்கிறது, தொடையில் அனல் அடிக்கத்தான் செய்யும். சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் ஃபேன் ஓடும். இதெல்லாம் வண்டியின் இயல்பு. இடைவெளி விட்டு மறுபடி வண்டி ஓட்ட வருகிற பலரும் இதைக் கோளாறு என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் மெதுவாக ஏறும்போது கூலன்டை ஆற்றுகிற ரேடியேட்டருக்குக் காற்றும் போதாது. இதைத்தான் ஷோரூம்காரர்கள் சொல்லப்போகிறார்கள், அது நம்பும்படியும் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் வழக்குக்கு ஆகிற வரி ஒன்றே ஒன்றுதான். அதையும் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஒண்டிக்கடையில் பார்த்தபோது கூலன்ட் குறைந்திருந்தது என்ற வரி.

எடுத்து ஆறு மாதமான வண்டியில் கூலன்ட் ஏன் குறைய வேண்டும்? அது மூடிய சுற்று. பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது ரேடியேட்டர் மூடி அழுத்தம் தாங்கவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைப்பகுதியில் கசியாமல் அடைக்கிற தகடு) விட்டிருக்கிறது, அல்லது கம்பெனியிலிருந்து வரும்போதே அளவாக நிரப்பவில்லை. இதில் எதுவாக இருந்தாலும் சட்டம் 'குறைபாடு' என்று சொல்வதற்குள் வரும். சூடு என்பது உங்கள் அபிப்பிராயம். கூலன்ட் குறைந்தது என்பது கண்ணால் பார்க்கக்கூடிய, அளந்து காட்டக்கூடிய விஷயம்.

நீங்கள் இணைத்திருந்த மூன்று ஜாப் கார்டு (வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் புகாரையும் வேலையையும் எழுதுகிற சீட்டு) நகல்களையும் பார்த்தேன். முதலாவதில் 'ஜெனரல் செக்-அப், வாட்டர் வாஷ்'. இரண்டாவதிலும் அதே. மூன்றாவதில் மட்டும் 'எஞ்சின் ஹீட், செக்டு, ஓகே'. மூன்றிலும் கீழே 'வேலை திருப்தியாக முடிந்தது' என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. விளக்கு எரிந்தது என்றோ கூலன்ட் குறைந்தது என்றோ ஒரு சொல் இல்லை. ஆக, காகிதத்தைப் பொறுத்தவரை உங்கள் வண்டிக்கு எந்தக் கோளாறும் வந்ததே இல்லை.

எல்லோரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். கவுன்டரில் இருக்கிற பையனிடம் பத்து நிமிஷம் எல்லாவற்றையும் சொல்கிறோம், அவன் கம்ப்யூட்டரில் மூன்று சொல் தட்டுகிறான், சாயங்காலம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டு வண்டியை எடுத்து வருகிறோம். இரண்டு வருஷம் கழித்து ஆணையத்தில் அந்த மூன்று சொல் மட்டும்தான் பேசும்.

இரண்டாவது ஆபத்து செவ்வாய்ப்பேட்டை மெக்கானிக். தயவுசெய்து எஞ்சினைப் பிரிக்கவிடாதீர்கள். ஆத்தூர் பக்கத்திலிருந்து ஒருவர் சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்தார், ஏறக்குறைய இதே புகார். வெளி ஒர்க்‌ஷாப்பில் ஹெட்டைக் கழற்றி, கருகிய கேஸ்கெட்டைப் போட்டோ எடுத்து, புதிது மாட்டி, பழையதைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். மெக்கானிக் லெட்டர்பேடில் 'கம்பெனி ஃபால்ட்' என்று எழுதியும் கொடுத்திருந்தார். எதிர்த்தரப்பு கேட்டது ஒரே கேள்வி: "அந்த கேஸ்கெட் எங்கே?" வாரன்டியும் போச்சு, சாட்சியும் போச்சு. குறைபாட்டைச் சோதனை இல்லாமல் முடிவு செய்ய முடியாது என்றால் பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 38 வழி வைத்திருக்கிறது. சோதனைக் கட்டணத்தை உங்களையே கட்டச் சொல்லலாம். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி மெக்கானிக்கல் துறை மாதிரி ஓர் இடத்தில் சோதிக்கச் சொல்லி மனுப் போடலாம். ஆனால் சோதிக்கிறவர் கையில் கிடைப்பது ஏற்கெனவே யாரோ பிரித்துப் பூட்டிய எஞ்சின் என்றால் அவரால் என்ன எழுத முடியும்?

மூன்றாவது, அந்தத் தண்ணீர். அதை மறைக்க நினைக்காதீர்கள். சிஸ்டத்தில் இருக்கிற கூலன்டில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தாலே கலப்பு தெரிந்துவிடும். பிறகு, "குழாய்த் தண்ணீர் ஊற்றியதால்தான் கெட்டது" என்பார்கள், மறைத்தவர் என்ற பெயரும் சேரும். விளக்கு எரிந்தது, அளவு குறைந்திருந்தது, மலையில் வேறு வழியில்லாமல் இவ்வளவு தண்ணீர் ஊற்றினோம் என்று நீங்களே முதலில் எழுதிவிட்டால், அதே தண்ணீர் உங்கள் பக்கம் சாட்சியாகிவிடும். ஊற்றியதற்கு முன்பே குறைந்திருந்தது அல்லவா.

நீங்கள் அனுப்பிய போட்டோவில் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு வலை தெரிகிறது. அது வண்டியோடு வந்ததில்லை, ஆன்லைனில் வாங்கி மாட்டியது என்று நினைக்கிறேன். அதன் கண்களில் செம்மண் அடைத்திருப்பது போட்டோவிலேயே தெரிகிறது. இதை வைத்தே, காற்றை மறைத்தது நீங்கள்தான் என்பார்கள். இருக்கிறபடியே தேதியோடு இன்னொரு போட்டோ எடுத்துவிட்டு, இன்றே கழற்றிவிடுங்கள். அது இல்லாமலும் மலையில் விளக்கு எரிந்தால் உங்கள் கட்சி பலமாகும். எரியவில்லையென்றால், ஐயா, வழக்கே வேண்டாம்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? சர்வீஸ் சென்டருக்கும் கம்பெனிக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மூன்று தேதிகள், மூன்று இடங்கள், கூலன்ட் அளவு, ஊற்றிய தண்ணீர், கழற்றிய வலை. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், ஆச்சரியக்குறி வேண்டாம். கூலிங் சிஸ்டத்துக்கு பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், ரேடியேட்டர் மூடியையும் சேர்த்து. ஸ்கேனரில் எரர் கோடு இருந்தால் அழிப்பதற்கு முன் பிரின்ட் கேளுங்கள். அவர்கள் ஆள் ஒருவர் கூடவே வந்து அடிவாரத்திலிருந்து மேலே வரை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்றும் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்குச் சாதகம். வண்டியை விடும்போது ஜாப் கார்டில் 'கூலன்ட் குறைவு, டெம்பரேச்சர் விளக்கு' என்று அவர்கள் எழுதாமல் நகராதீர்கள். எடுக்கும்போது கையெழுத்துக்குப் பக்கத்தில் 'கோளாறு தீர்ந்ததா என்று ஓட்டிப் பார்த்த பிறகே சொல்ல முடியும்' என்று உங்கள் கையாலேயே எழுதிவிட்டுப் போடுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

காலக்கெடுவும் இருக்கிறது. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம், அதே சட்டம் பிரிவு 69. முதல் விளக்கு எரிந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், எட்டு மாதம் போய்விட்டது. கடிதப் போக்குவரத்தும் வக்கீல் நோட்டீசும் இந்தக் கெடுவை நீட்டாது. "பார்க்கிறோம் சார், அடுத்த மாதம் இன்ஜினியர் வருகிறார்" என்று இழுத்தடிப்பதில்தான் பலருக்கும் நாள் போகிறது.

நீங்கள் கேட்ட தொகைக்கு வருகிறேன். புது வண்டியும் கிடைக்காது, முழுப் பணமும் கிடைக்காது. வாரன்டி என்பது கெட்ட பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோ கொடுத்த வாக்கு, வாகனத்தையே மாற்றிக் கொடுக்கச் சொல்ல முடியாது என்று 2006-ல் மாருதி உத்யோக் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைத் தாண்ட வேண்டுமென்றால் எஞ்சின் தயாரிப்பிலேயே குறை என்று நிபுணர் அறிக்கை வேண்டும், உங்களிடம் இப்போது இருப்பது வாட்டர் வாஷ் ரசீது. 5 லட்சம் மன உளைச்சலை மறந்துவிடுங்கள். 5 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை என்பதால் வழக்குப் போடுவது எளிதுதான். பொருளைச் சோதிக்க வேண்டிய வழக்கைச் சட்டம் ஐந்து மாதத்தில் முடிக்கச் சொல்கிறது, அதை நம்பி ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கி வைக்காதீர்கள்.

அதனால் சமரசம் பேசுங்கள். பிரஷர் டெஸ்டில் கசிவு தெரிந்தால் அந்தப் பாகமும், சூட்டுக்கு ஏற்பக் கூலன்டைத் திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட்டும் இலவசமாக மாற்றித் தரட்டும், பழைய கூலன்டை இறக்கிப் புதிது நிரப்பட்டும், எஞ்சின் வாரன்டியை ஒரு வருடம் எழுத்தில் நீட்டட்டும். நான் உங்கள் வக்கீலாக இருந்தால் இதற்குமேல் கேட்கவே மாட்டேன். ஒப்புக்கொண்டால் ஒரு தாள் நீட்டுவார்கள். அதில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி இருக்கும். அதை அடித்துவிட்டு 'இன்று மாற்றிய பாகங்களைப் பொறுத்தவரை மட்டும்' என்று எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். மாற்றிய பழைய பாகத்தை அவர்கள் தரமாட்டார்கள், வாரன்டியில் மாற்றியது அவர்களுக்குத்தான் சேரும். பாகத்தின் எண் தெரிகிற மாதிரி போட்டோ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.