கத்தியின் முதுகு

அன்புள்ள ஐயா,

திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். அம்மாவின் பழைய தகரப் பெட்டியைத் துப்புரவு செய்தபோது அம்மப்பாவின் சவரக்கத்தி கிடைத்தது. அலகில் ஷெஃபீல்ட் என்று பொறித்திருக்கிறது. துருவை மண் கடதாசியால் தேய்த்து எடுத்தேன், முதுகையும் பளபளப்பாக்கிவிட்டேன். இனித் தீட்ட வேண்டும். இயற்கைக் கல் நல்லதா, செயற்கைக் கல்லா? எத்தனையாம் இலக்கக் கல் வாங்குவது? நிலாவெளிக் கரையில் எடுத்த வழுவழுப்பான கல் ஒன்று என்னிடம் இருக்கிறது, அது போதுமா? அம்மப்பா சலூன் வைத்திருந்தவர். அதை வெளியே சொல்வது அம்மாவுக்கு விருப்பமில்லை. ஆகவே என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பெயரைப் போடவில்லை. உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளுக்காகவே பதில் எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்கு வந்துபோன சலூன்கார ஐயா ஒருவரின் நினைவு சில மாதங்களாக என்னை விடாமல் பிடித்திருக்கிறது.

கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். இயற்கையா செயற்கையா என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. இரண்டிலும் நன்றாகத் தீட்டலாம். இயற்கைக் கல்லுக்கு மணியின் நுண்மையைச் சொல்லும் இலக்கம் கிடையாது. விற்பவர் சொல்லும் இலக்கம் அவருடைய ஊகம். நிலாவெளிக் கல் வேண்டாம். அதன் வழுவழுப்பு அலை தந்தது. உள்ளே மணிகள் பருமனானவை. இலங்கைப் பாறைகளில் பெரும்பாலானவை பூமிக்குள் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறியவை. அந்த வெப்பத்தில் மணிகள் வளர்ந்துவிட்டன. கோமேதகத்தின் குடும்பமான கார்னெட் நம் பாறைகளில் கண்ணுக்குத் தெரியும் பருமனில் கிடக்கிறது. சவரக்கத்திக்குப் பேர்போன பெல்ஜியத்து மஞ்சள் கல்லிலும் (கோட்டிக்கூல் என்பார்கள்) இரும்பை அரிப்பது அதே கார்னெட்தான். ஆனால் அங்கே ஒரு மணி மில்லிமீற்றரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். ஆர்டென் மலைப்பகுதியில் சிலேற்றுப் பாறைக்கு நடுவே மெல்லிய படையாக அது கிடைக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் எடுக்கும் இன்னொரு கல்லுக்கு நோவாகுலைட் என்று பெயர். இலத்தீனில் நோவாகுலா என்றால் சவரக்கத்தி. அவர்கள் ஒரு பாறைக்கே கத்தியின் பெயரை வைத்தார்கள். நாம் கத்தி பிடித்தவரின் தொழிலைச் சொல்லக் கூசுகிறோம்.

இனி உங்களைத் திட்ட வேண்டும். முதுகை ஏன் தேய்த்தீர்கள்? முதுகில் துரு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே! எண்ணெய் பூசித் துடைத்தால் போதாதா? சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது எவ்வளவு சாய்ப்பது என்பதை நம் கை முடிவு செய்கிறது. சவரக்கத்தியில் அந்த வேலை முதுகுடையது. அலகைக் கல்லில் படுக்கப் போட்டால் முதுகும் வாயும் (வெட்டும் விளிம்பு) ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். முதுகின் தடிப்புத்தான் கூரின் கோணத்தை வைக்கிறது. அலகின் அகலம் 16 மில்லிமீற்றர், முதுகின் தடிப்பு 5 மில்லிமீற்றர் என்றால் கோணம் ஏறத்தாழ 18 பாகை. அந்தத் தடிப்பில் ஒரு மில்லிமீற்றரைத் தேய்த்துவிட்டால் ஏறத்தாழ 14 பாகைக்கு இறங்கிவிடும். அவ்வளவு மெலிந்த வாய் தாடி மயிரில் பட்டதும் நொறுங்கத் தொடங்கும். தீட்டத் தீட்ட வாயும் முதுகும் சேர்ந்தே தேயும். அதனால்தான் பல வருடங்கள் தீட்டினாலும் கோணம் பெரிதாக மாறுவதில்லை. மண் கடதாசி அப்படித் தேய்க்காது. ஓரிடத்தில் கூடவும் ஓரிடத்தில் குறையவும் தின்றுவிடும். பிறகு வாயின் நடுப்பகுதி கல்லில் படும், நுனி படாது. நீங்கள் கல்லைக் குறை சொல்வீர்கள்.

அம்மப்பாவின் பொருள் மினுங்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் செய்தீர்கள். அது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் கோபம் வருகிறது. சாணைச் சக்கரத்துக்கும் கொண்டுபோய்விடாதீர்கள். அந்தச் சூட்டில் மெல்லிய வாய் நீலம் பாய்ந்து பதம் இழந்துவிடும். என் அப்பாவின் கத்தியை நான் அப்படித்தான் ஒருவரிடம் கொடுத்துக் கெடுத்தேன்.

நான் சொன்ன ஐயா வெள்ளைக்காரர் காலத்தில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் முடிவெட்டியவர். 1957இல் பிரித்தானியர் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது மாலுமி ஒருவர் அவருக்கு ஒரு கல்லைக் கொடுத்துச் சென்றாராம். மேலே மஞ்சள், கீழே கருநீலச் சிலேற்று. மஞ்சள் கல் என்றுதான் அவர் சொல்வார். அதன் பெயர் எனக்குத் தெரியவந்தது பல வருடங்களுக்குப் பிறகு.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வருவார், பின்படலையால். கிணற்றடியில் வைத்து அப்பாவுக்குச் சவரம் செய்வார். அறுபதை நெருங்கிய அந்த மனிதரை அப்பம்மா ஒருமையில்தான் அழைப்பார். பன்னிரண்டு வயதில் நானும் அப்படியே அழைத்தேன். யாரும் என்னைத் திருத்தவில்லை.

கல்லை நனைத்து, அதோடு வந்த சின்ன மஞ்சள் துண்டால் தேய்த்துப் பால் போன்ற குழம்பு எழுப்புவார். கத்தியைப் படுக்கப் போட்டு, வாய் முன்னே செல்ல உந்துவார். கல்லின் முடிவில் முதுகின் மேல் புரட்டி மறுபக்கத்தை இழுப்பார். இடையிடையே விரல் நுனியால் தண்ணீர் சொட்டுவார். பால் மோராகும், மோர் வெறும் நீராகும். குழம்பு தெளியத் தெளிய வாய் மென்மையாகும். கடைசியில் தோல் வாரில் தீட்டுவார். அங்கே முதுகு முன்னே போகும்.

1973இல் ஒரு ஞாயிறு, அவர் அப்பாவின் கன்னத்தில் நுரை போட்டுக்கொண்டிருந்தபோது, நான் அந்தக் கல்லை எடுத்துத் தூண்டில் முள்ளின் நுனியைத் தீட்டினேன். உட்துறைமுகத்துக்கு மீன் பிடிக்கப் போகிற அவசரம். கல்லின் குறுக்கே ஆழமாக ஒரு பள்ளம் விழுந்தது.

அவர் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. உடைந்த யன்னல் கண்ணாடி ஒன்று கேட்டு வாங்கினார். துணியில் சலித்த மணலை அதன் மேல் தூவி, நீர் விட்டு, கல்லைக் கவிழ்த்துத் தேய்க்கத் தொடங்கினார். மஞ்சள் நீர் வாழையடிக்கு ஓடிக்கொண்டே இருந்தது. மத்தியானம் தாண்டியது. அடுத்த வீட்டில் காத்திருந்தவர்கள் வந்து ஏசிவிட்டுப் போனார்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்புவித்திருந்தேன். அன்று ஒரு கல் தேய்வதைக் கண்ணால் கண்டேன். மஞ்சள் படை ஏற்கனவே விரல் தடிப்புக்கூட இல்லை. இன்னொன்று வாங்க அவருக்கு வழியும் இல்லை.

ஒரு முனையில் மட்டும் மெல்லிய கோடு எஞ்சியது. இது இருக்கட்டும், இந்த முனைக்குக் கத்தியைக் கொண்டுபோக மாட்டேன் என்றார். பிறகு என்னை அருகே இருத்தி, கல் ஏன் சமமாக இருக்க வேண்டும், முதுகு ஏன் கல்லை விட்டு எழும்பக் கூடாது என்று சொல்லித் தந்தார். முதுகைப் பற்றி மேலே உங்களுக்கு எழுதியவற்றில் பாகைக் கணக்கைத் தவிர மிச்சமெல்லாம் அந்தப் பிற்பகலில் கேட்டவை. போகும்போது நான் அவரை ஐயா என்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பின்படலையால் போய்விட்டார்.

1990இல் போரில் ஊர் சிதறியபோது அவர் எங்கே போனார் என்று நான் தேடவில்லை. அது என் பிழை, அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன்.

அம்மாவிடம் கோபப்படாதீர்கள். அந்தக் கூச்சத்தை அவருக்குக் கொடுத்தவை எங்கள் வீடுகளின் பின்படலைகள். அம்மப்பாவின் சலூன் எந்த வீதியில் இருந்தது என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். அந்தத் தகரப் பெட்டியையும் இன்னொரு முறை அடிவரை பாருங்கள். கல் ஏதாவது கிடைத்தால், ஒரு பக்கம் மஞ்சளா என்று பாருங்கள். வெளிச்சத்தில் சாய்த்து, ஒரு முனையில் மயிரிழை அளவுக்குக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். எதையும் தேய்க்காதீர்கள்.