டர்போ ஏன் போனது என்பதை விடுங்கள், என்ன சொல்லி விற்றார் என்பதைப் பிடியுங்கள்

கேள்வி: கோவையில் இருக்கிறேன். என்னிடம் 2017 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார் இருக்கிறது. அதில் வந்த ஐஎஸ்20 டர்போவை (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளிப் பவரைக் கூட்டும் பாகம்) எடுத்துவிட்டு, கோல்ஃப் ஆர் காரில் வரும் ஐஎஸ்38 போட ஆசைப்பட்டேன். இன்ஸ்டாகிராமில் பழக்கமான பெங்களூர்க்காரர் ஒருவரிடம் ரூ.1,60,000 கொடுத்து வாங்கினேன். 'புதுசு, ஒரிஜினல் ஐஎச்ஐ' (டர்போ தயாரிக்கும் கம்பெனி) என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். பில்லில் 'டர்போ அசெம்பிளி' என்று மட்டும் இருக்கிறது. 1,100 கிலோமீட்டரில் சைரன் மாதிரி சத்தம், நீலப் புகை. மெக்கானிக் பிரித்துப் பார்த்து 'இது காப்பி' என்றார். விற்றவர், என் காரின் என்ஜின் மென்பொருளை மாற்றிக் கொடுத்த ட்யூனர் மேல் பழி போடுகிறார், குரூப்பில் என்னைக் கேவலமாகப் பேசுகிறார். இப்போது பீஸைத் திருப்பி அனுப்பினால் ரூ.80,000 தருவதாகச் சொல்கிறார். மோசடிப் புகார் கொடுத்து, என்ஜின் செலவு, மன உளைச்சல் எல்லாம் சேர்த்து ரூ.6 லட்சம் கேட்கலாமா? பழைய டர்போவை மாட்டி இன்சூரன்ஸில் கேட்டுப் பார்க்கலாம் என்கிறார் மச்சான்.

பதில்: நீங்கள் அனுப்பிய ஐந்து பக்கத்தில் நான்கு பக்கம் அவருடைய குணத்தைப் பற்றியது. குரூப்பில் பேசியது மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் வழக்குக்கு அது உதவாது. போலீஸ் புகாரையும் இப்போதைக்கு விடுங்கள். பெரும்பாலும் 'சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது: 'மெக்கானிக் பிரித்துப் பார்த்தார்.'

பிரித்த டர்போவை வைத்து 'இது குறைபாடுள்ள பொருள்' என்று நிரூபிப்பது மிகவும் கடினம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 38-இன்படி நுகர்வோர் ஆணையம் பொருளுக்கு முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஆனால் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் சாமான் இது. ஷாஃப்ட்டையும் வீல்களையும் சேர்த்துத்தான் பாலன்ஸ் செய்திருப்பார்கள். நட்டைக் கழற்றியபோதே அந்த பாலன்ஸ் போயிருக்கும். இனி எதிர்த்தரப்புக்கு வேலை சுலபம். பேரிங்கில் கீறல் இருந்தால் ஆயில் போகவில்லை, பொருத்தியவர் தவறு என்பார்கள். பிளேடு முனை உடைந்திருந்தால் வெளியிலிருந்து ஏதோ உள்ளே போய்விட்டது என்பார்கள். கம்ப்ரஸர் வீலின் பின்பக்கம் ஆரஞ்சுத் தோல் மாதிரி இருந்தால் அளவுக்கு மீறிச் சுழன்றிருக்கிறது, ட்யூனர் தவறு என்பார்கள். ட்யூனரை எதிர்தரப்பில் சேர்க்காவிட்டால் 'தப்பு செய்தவர் இங்கே இல்லை' என்று வாதாடுவார்கள். சேர்த்தால், அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எல்லா டேட்டா லாகையும் எடுத்துவந்து, நீங்கள் கேட்டு வாங்கிய பூஸ்ட், அதாவது டர்போவின் காற்றழுத்தம், எவ்வளவு என்று காட்டுவார்.

அதனால் டர்போ ஏன் போனது என்ற பேச்சையே எடுக்காதீர்கள். 'புதுசு, ஒரிஜினல்' என்று சொன்னார், வந்தது அது இல்லை. உங்கள் வழக்கு அவ்வளவுதான். அசல் என்று பொய் சொல்லி விற்பது அதே சட்டத்தின் பிரிவு 2(43)-இன்படி போலிப் பொருள். பழையதையோ ரீகண்டிஷன் செய்ததையோ புதிது என்று சொல்லியிருந்தால் 2(47)-இன்படி முறையற்ற வணிக நடவடிக்கை. இதற்குப் பீஸைப் பிரித்தது பெரிய தடையில்லை, ஹவுசிங்கும் (வெளிக்கூடு) அதில் உள்ள எண்களும் அப்படியே இருந்தால் போதும். பில்லில் ஒன்றும் இல்லாததால் வாட்ஸ்அப்தான் உங்கள் உயிர். அதைச் சான்றாக வைக்க பாரதிய சாட்சிய சட்டம், பிரிவு 63-இன் சான்றிதழ் வேண்டும். எனவே அந்த போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். வழக்கு என்று போனால் கேட்க வேண்டிய தொகை ரூ.1,60,000, அதற்கு மேல் வேண்டாம்.

என்ஜின் செலவை ஏன் விடச் சொல்கிறேன்? அதைக் கேட்ட நிமிடம் 'என் காரில் இதைப் பொருத்தி ரோட்டில் ஓட்டினேன்' என்று நீங்களே பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52 ஆர்சி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 182ஏ(4)-இன்படி, அனுமதியில்லாமல் பாகங்களைப் பொருத்தி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். என்ஜின் எண்ணும் சிசியும் மாறவில்லையே என்று வாதாடலாம்தான். ஆனால் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து விலகக் கூடாது என்று 2019 ஜனவரியில் ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அந்த வாதத்தை உங்கள் காரை வைத்துச் சோதித்துப் பார்க்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அபராதம் கூடப் பெரிதில்லை. என்னிடம் வந்த ஒருவர் இதே மாதிரி டர்போ வழக்கில் தன் காரின் பவர் எவ்வளவு ஏறியது என்று பெருமையாக எழுதிக் கொடுத்திருந்தார். அடுத்த வருஷம் அந்தக் கார் ஒரு லாரியில் மோதியது. சொந்தச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கேட்டபோது, கம்பெனியின் விசாரணையாளர் அந்தப் பத்திரத்தின் நகலையே கொண்டுவந்து வைத்தார். முக்கிய விவரத்தை மறைத்தார் என்று கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. டர்போ வழக்கில் கிடைத்ததைப் போலப் பல மடங்கு இதில் போனது. அவர் பொய் சொல்லவில்லை, தேவையில்லாத உண்மையைத் தேவையில்லாத இடத்தில் எழுதினார். நீங்களும் பொய் சொல்ல வேண்டாம், 'டிராக்கில் மட்டும்தான் ஓட்டினேன்' என்றும் எழுத வேண்டாம். கேட்கும் தொகைக்குத் தேவையானதை மட்டும் எழுதுங்கள்.

மச்சான் சொல்வதைக் காதிலேயே வாங்காதீர்கள். சாதாரண பாலிசியில் இயந்திரக் கோளாறுக்குப் பணம் கிடையாது. அதை வேறு காரணம் சொல்லிக் கேட்டால் ஏமாற்று வழக்கில் நீங்கள்தான் எதிரி. ட்யூன் செய்த தடம் ஈசியூவில் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இருக்கும். ஸ்கோடா இருக்கும் ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் கார்களில் மென்பொருள் மாறியிருப்பது தெரிந்தால் டிடி1 என்று, அதாவது வாரண்டி மறுக்கப்படும் கார் என்று, குறி போட்டுவிடுவார்கள். பழைய டர்போவை மாட்டுங்கள், கம்பெனி மென்பொருளையும் ஏற்றுங்கள். காரைச் சட்டப்படி சரியாக்க அது அவசியம், இன்சூரன்ஸ் கேட்பதற்காக அல்ல.

இப்போது என் நேரடி ஆலோசனை: பேசி முடியுங்கள். அவர் ரூ.80,000 வரை இறங்கி வந்ததே வாட்ஸ்அப்பில் எழுதியது உறுத்துவதால்தான். 'போலிப் பொருள்' என்று குறிப்பிட்டு ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி ரூ.1,20,000 கேளுங்கள், ஒரு லட்சத்துக்கு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வங்கியில் வரவான பிறகுதான் பீஸ் கைமாற வேண்டும். 'முதலில் அனுப்புங்கள், செக் பண்ணிட்டுத் தருகிறேன்' என்பதை நம்பி கூரியரில் அனுப்பிய இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். அப்புறம் பீஸும் இல்லை, பணமும் இல்லை, வழக்கும் இல்லை. சமரசத் தாளில் 'பொருளைத் திருப்பி, தொகையைப் பெற்று, விவகாரம் முடிந்தது' என்று மட்டும் இருக்கட்டும். காரைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். குரூப்பில் போட்ட பதிவுகளை இருவரும் நீக்கலாம், ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லட்சத்துக்குக் கீழே நின்றால் கோவை மாவட்ட ஆணையத்தில் தாக்கல் செய்யுங்கள். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. கெடு இரண்டு வருஷம்.

பீஸ் இன்னும் மெக்கானிக்கிடம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக் காலையே போய், ஹவுசிங்கில் உள்ள எண்கள் தெரியும்படி போட்டோ எடுத்து, எல்லா நட்டு போல்ட்டோடும் ஒரு பெட்டியில் போட்டு ஒட்டி, மெக்கானிக்கிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.